அந்தப் பதினைந்து நிமிடத்தைத் திருப்பிக் கொடுங்கள்

காரைக்குடி வட்டாரத்தில் நம் மருத்துவமனையை நடத்திவரும் நிர்வாகக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும்,

சென்ற மாதம் செவிலியர் அறைக் கதவில் ஒட்டப்பட்ட சுற்றறிக்கையைப் பற்றி எழுதுகிறேன். ட்யூட்டி மாறும்போது பழைய ஷிப்டும் புதிய ஷிப்டும் சேர்ந்து நிற்கும் 15 நிமிடம் இனி கிடையாது. இரவு ட்யூட்டி 7.15-க்கு விரல் வைத்துவிட்டு வெளியேற வேண்டும், காலை ட்யூட்டி அதே 7.15-க்கு விரல் வைத்து உள்ளே வர வேண்டும். சனிக்கிழமைகளில் பொறுப்புச் செவிலியர்கள் கூடும் ஒரு மணி நேரமும் ரத்து. வார்டில் நடக்கும் தவறுகளைப் பெயர் போடாமல் நாங்கள் எழுதிவந்த நோட்டை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும், ஒவ்வொரு பதிவையும் எழுதியவர் பெயரை வார்டுவாரியாகத் தர வேண்டும். அதே தாளின் கடைசிப் பத்தியில், மகளிர் தினத்தன்று நடந்த தலைமைப் பண்புப் பயிற்சி இனி ஆண்டுதோறும் நடக்கும் என்றும் அறிவித்திருக்கிறீர்கள்.

மேல் பத்திகளில் எதைப் பறித்தீர்களோ அதைத்தான் கடைசிப் பத்தியில் கொடுப்பதாகச் சொல்கிறீர்கள். உங்களுக்கு இது தெரியவில்லை என்றே நம்புகிறேன். தெரிந்து செய்திருப்பீர்கள் என்று நினைக்க மனம் வரவில்லை. இரண்டு முறை அலுவலகத்தில் கடிதம் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

19 ஆண்டுகளாக இங்கே வேலை செய்கிறேன். அதில் 8 ஆண்டுகள் பெண்கள் வார்டின் பொறுப்பு என்னிடம். அந்தப் பதினைந்து நிமிடம் எப்படி வந்தது என்பதை நீங்கள் யாரும் என்னிடம் கேட்டதில்லை. இப்போது சொல்கிறேன்.

நம் ஊர்ப் பெயர்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாட்டன் பெயரைப் பேரனுக்கும் பாட்டி பெயரைப் பேத்திக்கும் இடுகிற ஊர் இது. பெயரன், பெயர்த்தி என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான். ஒரு வீட்டுக்குள்ளேயே மூன்று மீனாட்சி, இரண்டு விசாலாட்சி இருப்பார்கள். வீட்டில் பெரிய, சின்ன என்று சேர்த்துக் கூப்பிட்டுப் பிரித்துக்கொள்வார்கள். கடைத்தெருவில் விலாசத்தைச் சொல்லிப் பிரிப்பார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்த பிறகு எல்லோரும் வெறும் 'ஆச்சி'தான்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் என் வார்டில் ஒரே பெயரில் இரண்டு ஆச்சிகள் இருந்தார்கள். இருவருக்கும் எழுபதுக்கு மேல். ஒருவருக்குச் சர்க்கரை, காலையில் இன்சுலின். இன்னொருவருக்கு இடுப்பு எலும்பு முறிவு. அன்றைக்கு அறுவைச் சிகிச்சை என்பதால் இரவிலிருந்து வெறும் வயிறு. இரவு ட்யூட்டி முடித்த சிஸ்டர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், “ஆச்சிக்கு 14 யூனிட் போடணும்க்கா, சார்ட்ல இருக்கு” என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினார். ஊசியில் மருந்தை ஏற்றியவள் நான். எந்தக் கட்டில் முன்னால் நின்றேன் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரமே ஆன ஒரு பெண் எனக்குப் பின்னால் நின்றாள். “அக்கா, ஊசி இந்த ஆச்சிக்கா? இவுங்க கண்டனூர் ஆச்சில்ல. சுகர் இருக்கது அந்தக் கடைசிக் கட்டில் ஆச்சிக்கு.” குரல் வெளியே வரவே இல்லை. உதடு அசைந்ததைப் பார்த்துத்தான் திரும்பினேன்.

வெறும் வயிற்றோடு இருந்த அந்த முதியவருக்கு 14 யூனிட் இன்சுலின் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது குழுவில் உள்ள மருத்துவர்களுக்குத் தெரியும். அன்று மாலை அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு நன்றி சொன்னேன். அவள் அழுதுகொண்டே சொன்னது இன்றும் என்னை உறுத்துகிறது: “போன வாரம் ஒரு கேள்வி கேட்டதுக்கு நீங்க ‘சும்மா நில்லு, பாத்துக் கத்துக்கோ’ன்னு சொன்னீங்கக்கா. அதான் இன்னைக்கும் சொல்லலாமா வேண்டாமான்னு நின்னுட்டேன்.”

தப்பு இரவு சிஸ்டருடையது என்று அறிக்கை எழுதியிருக்கலாம். என் கண்ணுக்குத் தெரிந்தது வேறு. ஒரு உயிரைக் காப்பாற்றக்கூடிய விஷயம் ஒரு பெண்ணின் தொண்டையில் சிக்கி நின்றது. சிக்கவைத்தது என் பழக்கம்.

என் அம்மா கல்யாணப் பலகாரம் சுடப் போகிறவர். பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளில் கல்யாணம் என்றால் பத்து நாள் முன்பே அம்மாவும் எட்டுப் பெண்களும் வீட்டின் இரண்டாம் முற்றமான இரண்டாங்கட்டில் அடுப்பு மூட்டிவிடுவார்கள். தேன்குழல், அதிரசம், மணகோலம், சீடை. சீடை பொல்லாதது. மாவு சரியாகச் சலிக்காமல் கட்டி இருந்தாலோ, ஈரம் தங்கியிருந்தாலோ, உருட்டும்போது இறுக்கி உருட்டியிருந்தாலோ எண்ணெயில் வெடிக்கும். கொதிக்கும் எண்ணெய் முகத்தில் தெறிக்கும். அம்மாவின் முழங்கையில் அந்தத் தழும்பு உண்டு. அடுப்பில் சட்டி ஏறுவதற்கு முன் மாவைச் சுற்றி எல்லோரும் உட்கார வேண்டும் என்பது அம்மா வைத்த முறை. இருப்பதிலேயே சின்னப் பெண் முதலில் மாவைத் தொட்டுப் பார்த்து என்ன தோன்றுகிறதோ அதைச் சொல்வாள். பிறகு அடுத்தவள். கடைசியில்தான் அம்மா வாய் திறப்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “பெரியவ பேசிட்டா சின்னவ வாயத் தொறக்க மாட்டா. எண்ணெய் பெரியவ சின்னவ பாத்தா தெறிக்குது?” என்றார்.

அந்த ஆச்சியின் கட்டில் முன் நின்ற நாளுக்குப் பிறகுதான் அம்மா செய்தது எனக்குப் புரிந்தது. பழைய நிர்வாக அலுவலரிடம் போய்ப் பேசி, மூன்று ஷிப்டு மாற்றங்களிலும் 15 நிமிடம் இரண்டு ட்யூட்டியும் சேர்ந்து இருக்க அனுமதி வாங்கினேன். அந்தப் பதினைந்து நிமிடத்தில் நடந்தது இவ்வளவுதான். ஹேண்டோவர், அதாவது நோயாளிகளின் நிலையைச் சொல்லி அடுத்த ஷிப்டிடம் ஒப்படைப்பது, மேசையில் நடக்காது, கட்டிலுக்குப் பக்கத்தில் நடக்கும். நோயாளியும் கேட்டுக்கொண்டிருப்பார். “நீங்கதானே மீனாட்சி ஆச்சி?” என்று கேட்க மாட்டோம். அப்படிக் கேட்டால் மயக்கத்தில் இருப்பவர் எதற்கும் ஆமாம் என்பார். “ஒங்க பேரு என்ன ஆச்சி, எந்த ஊரு?” என்று கேட்டு, கையில் கட்டிய பட்டையில் உள்ள எண்ணோடு ஒத்துப்பார்ப்போம். இன்சுலினும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினும் போடுவதற்கு முன் இரண்டு பேர் பார்ப்போம். இரவில் பார்த்ததை, இருப்பவர்களில் இளையவர் முதலில் சொல்வார். நான் கடைசி.

பிறகு அந்த நோட்டு. யார் வேண்டுமானாலும் பெயர் போடாமல் எழுதலாம். தப்பாகப் போக இருந்தது, போகாமல் தப்பியது, போயே விட்டது, எதுவானாலும். ஒரு பதிவு நினைவிருக்கிறது: “பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலும் டிஸ்டில்ட் வாட்டர் ஆம்பூலும் ஒரே தட்டில் இருக்கின்றன. ராத்திரி 3 மணிக்கு இரண்டும் எனக்கு ஒன்றாகத் தெரிந்தது.” நீர் கலந்து நீர்க்கச் செய்யாத பொட்டாசியம் நேராக நரம்பில் ஏறினால் இதயம் நின்றுவிடும். மறுநாளே அதைத் தட்டிலிருந்து எடுத்துச் சிவப்புத் தாள் ஒட்டிய பெட்டியில் பூட்டினோம். கழிப்பறை மணி வேலை செய்யாதது, இரண்டு கட்டில்களில் தடுப்புக் கம்பி இறங்கிவிடுவது, எல்லாம் அந்த நோட்டிலிருந்துதான் தெரிந்தது. இரண்டு நோட்டுகள் நிறைந்துவிட்டன.

அந்த இரண்டு நோட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஒரு வார்டில் இத்தனை தவறுகளா?” என்று அலுவலகத்தில் கேட்டார்கள். பெயர்ப் பட்டியல் கேட்டதும் அதன் பிறகுதான். இதற்கு நான் ஒரு பதில் வைத்திருக்கிறேன். போஸ்ட் பேசிக் நர்சிங் பட்டத்துக்குப் படிக்கும்போது தெரிந்துகொண்டது. 1990-களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஹார்வர்ட் ஆய்வாளர் மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக ஒத்துழைக்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. தோண்டிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. அந்தக் குழுக்களில் பயமில்லாமல் சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள். எங்கள் நோட்டில் பக்கங்கள் நிறைந்திருப்பதைப் பார்த்து நீங்கள் கவலைப்பட வேண்டாம். வெறும் பக்கங்கள் வரத் தொடங்கும் நாளைப் பார்த்துக் கவலைப்படுங்கள். பெயர் கேட்ட நாளிலிருந்து யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை.

இப்போது மகளிர் தினப் பயிற்சிக்கு வருகிறேன். பேச வந்தவர் நல்ல மனிதர், ஆர்வமாகப் பேசினார், அவர்மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. “நாளை முதல் காலை 4 மணிக்கு எழ யாரெல்லாம் தயார்?” என்று கேட்டார். அநேகமாக எல்லோரும் கை தூக்கினோம். அவர் மகிழ்ச்சியோடு கைதட்டினார். நாங்கள் கை தூக்கியது, ஏற்கெனவே 4 மணிக்கு எழுந்துகொண்டிருப்பதால். புதுவயலிலிருந்தும் தேவகோட்டையிலிருந்தும் சிங்கம்புணரியிலிருந்தும் காலை ட்யூட்டிக்கு வருகிறவர்கள் உலை வைத்து, பிள்ளைக்குச் சோறு கட்டி, மாமியாருக்கு மாத்திரை எடுத்துவைத்துவிட்டு முதல் பஸ்ஸைப் பிடிக்கிறார்கள். 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் சம்பளமில்லாத அந்த வேலைக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுவதாக வந்தது. ஆண்களுக்கு அது 97 நிமிடம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரத்தை வீட்டில் கொட்டிவிட்டு வருகிற ஒருத்தியிடம் இன்னும் கொஞ்சம் சீக்கிரம் எழு என்பதற்குப் பயிற்சி எதற்கு?

எந்தப் பழக்கமும் 21 நாளில் படிந்துவிடும் என்றும் அவர் சொன்னார். அதைக் கேட்டுப் போன எங்கள் பெண்களில் சிலர், 21 நாள் முடிந்தும் படியவில்லை என்று தங்களையே நொந்துகொண்டார்கள். அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த 21 நாள் கணக்கு, 1960-இல் ஓர் அமெரிக்க பிளாஸ்டிக் அறுவை மருத்துவர், தன் நோயாளிகளுக்குப் புதிய முகம் பழகக் குறைந்தது மூன்று வாரமாவது ஆகிறது என்று எழுதியதிலிருந்து கிளம்பியது. ‘குறைந்தது’ என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரை 12 வாரம் தொடர்ந்து கவனித்து ஆராய்ந்தார்கள். ஒரு பழக்கம் தானாக வருகிற நிலைக்குச் சராசரியாக 66 நாள் என்று கணக்கிட்டார்கள். ஆளுக்கு ஆள், பழக்கத்துக்குப் பழக்கம் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறும் என்று கணக்கில் வந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனாலும் பெரிய பாதிப்பில்லை என்றும் கண்டார்கள். அந்த ஆய்வில் ஒவ்வொருவரும் தன் புதிய பழக்கத்தை அன்றாடம் தவறாமல் நடக்கிற ஒன்றோடு முடிந்துவைத்திருந்தார்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு என்பது போல.

என் வாழ்க்கையில் நடந்ததும் அதுவேதான். இளையவளை முதலில் பேசவிட்டுக் கேட்பது எனக்கு இயல்பாக வந்ததில்லை. கேட்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டு இரண்டாவது வாக்கியத்திலேயே குறுக்கே விழுவேன். அதனால் ஒரு வேலை செய்தேன். ஹேண்டோவர் முடிந்து நோட்டை மூடும் முன், ‘இன்று யார் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை?’ என்ற கேள்விக்கு ஒரே ஒரு வரி எழுதிவிட்டுத்தான் மூடுவது. முதல் மாதம் முழுக்க எழுதுவதற்குக் கூச்சமாக இருந்தது. யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது என்று என் கைப்பையிலேயே தனியாக ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தேன். ஐந்து மாதம் கழித்து ஒருநாள், ஒரு பெண் தயங்கித் தயங்கிப் பேசும்போது என் கை தானாகப் பேனாவை கீழே வைத்தது. அன்றைக்குத்தான் பழக்கம் வந்துவிட்டது என்று தெரிந்தது. அந்த வரி அந்தப் பதினைந்து நிமிடத்தின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆணியைப் பிடுங்கிவிட்டுப் படம் சுவரில் நிற்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள்.

சனிக்கிழமைக் கூட்டம் வீண்பேச்சு என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள் போல. ஹாஸ்டலாக இருக்கும் பழைய வீட்டின் இரண்டாங்கட்டில் ஏழு வார்டுப் பொறுப்பாளர்களும் கூடுவோம். வாரம் ஒருவர் நடத்துவார். முறை வைத்து மாறும். முதல் முறை வந்தபோது ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டருக்கு நாலு வார்த்தைக்கு மேல் வரவில்லை. அவரை யாரும் காப்பாற்ற முன்வரவில்லை, காத்திருந்தோம். நான்காவது முறை அவர் ஒரு தாளோடு வந்தார். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியல் அது. 19 அம்சங்கள், ஒரே பக்கம். கத்தி வைப்பதற்கு முன் அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. புதுடெல்லி உட்பட எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்தபோது, உயிரிழப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்தது. 2009-இல் வெளிவந்த முடிவு. நம் தியேட்டரில் அந்தத் தாள் சுவரில் ஒட்டியிருந்தது, யாரும் வாய்விட்டுப் படிப்பதில்லை. “நான் எப்படி டாக்டர் முன்னால பேர் சொல்லிட்டு நிக்கிறது?” என்று கேட்ட அதே சிஸ்டர், இரண்டாங்கட்டில் எங்கள் ஆறு பேர் முன் மூன்று சனிக்கிழமை ஒத்திகை பார்த்துவிட்டு, நான்காவது வாரம் தியேட்டரில் உரக்கப் படித்தார். மூத்த அறுவை மருத்துவர் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தார். பிறகு தன் பெயரைச் சொன்னார். இன்றுவரை அங்கே அது நடக்கிறது.

தலைமைப் பண்பு என்று பயிற்சி அழைப்பிதழில் அச்சடித்திருந்தீர்களே, அந்தச் சிஸ்டர் அன்று செய்தது அதுதான். அது அவருக்கு எந்த மண்டபத்திலும் கிடைக்கவில்லை. வாராவாரம் ஆறு பெண்கள் உட்கார்ந்து கேட்டதால் வந்தது.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் முறை மாற்றிக்கொள்வதும் நடந்தது. ஒருத்தியின் மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை, இன்னொருத்தியின் மாமனாருக்கு டயாலிசிஸ், கொப்புடையம்மன் செவ்வாய்ப் பெருந்திருவிழாவுக்கு யாருக்கு விடுப்பு, எல்லாம் ஒரு தாளில் ஒத்துக்கொண்டுவிடுவோம். இப்போது அதை நிர்வாகப் பிரிவில் கணினியில் போடுகிறார்கள். போடுகிறவருக்கு வார்டு தெரியாது. தொடர்ந்து இரண்டு இரவு ட்யூட்டி முடித்தவரை மறுநாள் பிற்பகலுக்குப் போட்டிருந்தார். கேட்டால், இடம் காலியாக இருந்தது என்கிறார்.

பதினைந்து நிமிடத்தை ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்கி, மாதச் சம்பளத்தில் இவ்வளவு மிச்சம் என்று ஒரு கணக்கு உங்கள் மேசைக்கு வந்திருக்கும். அந்தக் கணக்கு தப்பு என்று சொல்ல மாட்டேன். அதில் வராத ஒன்றைச் சொல்கிறேன். சுற்றறிக்கை வந்த பிறகும் ஹேண்டோவர் நிற்கவில்லை. எந்த நர்சும் ஒன்றும் சொல்லாமல் நோயாளியை விட்டுவிட்டுப் போக மாட்டாள். அது வாட்ஸ்அப் குரல் பதிவாக மாறிவிட்டது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஹார்ன் சத்தத்துக்கு நடுவில், சம்பளமில்லாமல் பேசி அனுப்புகிறார்கள். இரண்டு வாரத்துக்கு முன், ஒரு அம்மாவுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று அவர் மகள் நள்ளிரவில் சொல்லியிருந்தார். இரவு சிஸ்டர் அதைக் குரல் பதிவில் சொல்லியிருந்தார். காலை ட்யூட்டியில் ஐந்து புதிய சேர்க்கை. பதிவைக் கேட்க நேரம் கிடைத்தபோது மணி 9.40. அதற்குள் மருந்துத் தட்டு கட்டிலுக்குப் போய்விட்டது. அந்த மகள் பக்கத்தில் இருந்து தடுத்ததால் ஒன்றும் ஆகவில்லை. முன்பு என்றால் இது நோட்டில் ஏறியிருக்கும். இப்போது எழுத யாருக்கும் துணிச்சல் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். அந்தச் சிஸ்டர் யார் என்று கேட்காதீர்கள். யாராக இருந்தாலும் அதுதான் நடந்திருக்கும்.

விழா மேடையில் உங்களில் ஒருவர், செட்டிநாட்டுப் பெண்களுக்கு நிர்வாகம் ரத்தத்தில் ஊறியது என்று பெருமையாகப் பேசினார். ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போனபோது, வீட்டையும் வரவு செலவையும் ஆச்சிகள் கட்டிக் காத்ததைச் சொன்னார். உண்மைதான். எங்கள் பாட்டி அப்படிப்பட்ட வீடுகளில் வேலை செய்தவர், நிறையச் சொல்லியிருக்கிறார். பாட்டி சொன்னதில் ஒன்றை மட்டும் அந்த மேடையில் கேட்க முடியவில்லை. அந்த ஆச்சிகளின் இடுப்பில் சாவிக்கொத்து இருந்தது. எந்த அறையைத் திறப்பது, யாருக்கு எத்தனை படி அளப்பது என்பதைக் கேட்க அவர்கள் ரங்கூனுக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்கவில்லை. ஏழு வார்டுகளில் உயிர்களை எங்கள் பொறுப்பில் விட்டிருக்கிறீர்கள். கால் மணி நேரத்துக்குச் சாவி எங்களிடம் இல்லை. செவிலியர் கண்காணிப்பாளர் பதவி 14 மாதமாகக் காலி. ட்யூட்டிப் பட்டியலும் சுற்றறிக்கையும், வார்டில் ஒரு இரவு நின்றறியாதவர் கையிலிருந்து வருகின்றன.

அன்றைய மேடைக்குப் பின்னால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் படம் வைத்திருந்தீர்கள். பார்த்ததும் நெஞ்சு நிறைந்தது. 1886-இல் இங்கே பக்கத்தில் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே படித்துக்கொண்டிருந்த கல்லூரியில் அவரைச் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்பு எழுந்தபோது, புதுக்கோட்டை மன்னர் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்தார். பின்னாளில் சட்டமன்றத் துணைத் தலைவர், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்று எவ்வளவோ. அவருடைய உழைப்பையும் உறுதியையும் அன்று நிறையப் பேசினார்கள். கல்லூரிக் கதவைத் திறந்துவிட்டவர் அதிகாரத்தில் இருந்த ஒருவர் என்பதை யாரும் பேசவில்லை. உங்களுக்கு எழுதும்போது எனக்கு அந்த மன்னரின் நினைவுதான் வருகிறது.

அன்றைக்கு அந்த ஊசியைத் தடுத்த பெண் இப்போது ஒரு வார்டில் இரவுப் பொறுப்பில் இருக்கிறாள். குழந்தைக்குப் பத்து மாதம். பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அடுத்த மாதம் வேலையை விடப்போவதாகச் சொல்கிறாள். அவளை நான் நான்கு ஆண்டுகள் பார்த்திருக்கிறேன், என்னைவிட நல்ல பொறுப்பாளர் ஆவாள். அவள் போனால் அவள் இடத்துக்கு ஆள் கிடைக்கும். அவளுக்குப் பின்னால் நின்று வாய் திறக்கத் துணியும் பெண் கிடைக்க இன்னும் எத்தனை நாள் ஆகும் என்று தெரியாது.

ஆகவே கேட்கிறேன். மூன்று ஷிப்டு மாற்றங்களிலும் அந்த 15 நிமிடத்தை, சம்பளத்தோடு சேர்ந்த பணி நேரமாக, எழுத்தில் திருப்பிக் கொடுங்கள். இதை மட்டும் அடுத்த குழுக் கூட்டம் வரை தள்ளிப்போடாமல் இந்த வாரமே செய்யுங்கள்.

பெயர் கேட்டு அனுப்பிய உத்தரவைத் திரும்பப் பெறுங்கள். இரண்டு நோட்டுகளையும் வார்டுக்குத் திருப்பி அனுப்புங்கள். அதில் எழுதியதற்காக யார்மேலும் நடவடிக்கை இராது என்று தலைவர் கையெழுத்தோடு ஒரு வரி எழுதி, நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டக் கொடுங்கள். உங்களில் ஒருவர் மாதம் ஒருமுறை வார்டுக்கு வந்து அந்த நோட்டை எங்களோடு உட்கார்ந்து படியுங்கள். கேட்டதில் எதைச் சரிசெய்தீர்கள் என்று அதிலேயே எழுதுங்கள்.

சனிக்கிழமை ஒரு மணி நேரத்தைப் பணி நேரத்துக்குள்ளேயே அனுமதியுங்கள். ட்யூட்டிப் பட்டியல் போடும் பொறுப்பை அந்தக் கூட்டத்திடமே விடுங்கள். சரியாக வரவில்லை என்றால் ஆறு மாதம் கழித்துக் கேளுங்கள், பதில் சொல்கிறோம்.

செவிலியர் கண்காணிப்பாளர் பதவியை இனியும் காலியாக வைக்காமல், வார்டுகளில் பொறுப்பு வகித்த பெண்களிலிருந்து ஒருவரைக் கொண்டு நிரப்புங்கள். அது நானாக இருக்க வேண்டும் என்பதில்லை, நான் விண்ணப்பிக்கப் போவதும் இல்லை. என்னைவிட இளையவர்களில் தகுதியானவர்கள் மூன்று பேராவது இருக்கிறார்கள். யார் வந்தாலும் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் அவருக்கு நாற்காலியும் வாக்கும் வேண்டும்.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டபோதே சட்டம் சொல்லிவிட்டது. நம்மிடம் அதைவிட அதிகம் பேர் இருக்கிறோம். ஹாஸ்டல் வீட்டில் முற்றத்தை ஒட்டி இரண்டு அறைகள் பழைய கட்டில்களோடு பூட்டிக் கிடக்கின்றன. அவற்றைத் துப்புரவாக்கி, இரவு ட்யூட்டிக்கும் சேர்த்து ஒரு ஆளைப் போட்டால் காப்பகம் தயார். அடுத்த மகளிர் தினத்துக்கு மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்கும் பணத்தை இதற்குக் கொடுங்கள். அந்தப் பெண் ராஜினாமா எழுதுவதற்குள் இது நடக்க வேண்டும் என்பது என் ஆசை.

பதிலை எனக்குத் தனியாகக் கடிதமாக அனுப்ப வேண்டாம். 15 நாளுக்குள் எழுதி, சுற்றறிக்கை ஒட்டிய அதே கதவில் ஒட்டச் சொல்லுங்கள். இரவு ட்யூட்டி பார்க்கிறவர்களும் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
பெண்கள் வார்டின் பொறுப்புச் செவிலியர்